கட்டு யார் தலையில் இருக்கிறது?

கேட்டிருப்பவர் குமரி மாவட்டம் குழித்துறையில் ஒன்பது வருடமாகத் தொழில் செய்யும் வழக்கறிஞர். இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, மார்த்தாண்டத்தில் இரண்டு அறை கொண்ட அலுவலகம். வழக்குக் கட்டுகள் முந்நூறைத் தாண்டிவிட்டன. இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்ப முடிவதில்லை. ஆனால் வருமானம் மூன்று வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அலுவலக மென்பொருள் வாங்கலாமா, இன்னொரு ஜூனியரைச் சேர்க்கலாமா, எல்லைக்கு அப்பால் கேரளத்து நெய்யாற்றின்கரையில் கிளை திறக்கலாமா, யாரையாவது கூட்டாளியாக்கிக் கொள்ளலாமா என்று நான்கு கேள்விகள்.

நான் தொழிலுக்கு வந்து இருபத்தேழு வருடமாகிறது. அலுவலகம் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். நீங்கள் இப்போது மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் நானும் சில வருடங்கள் நின்றிருக்கிறேன். அந்த நான்கு கேள்விகளுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாளை காலை உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், அலுவலகத்தில் எத்தனை பேருக்கு எத்தனை கட்டுகளின் நிலைமை தெரியும்? 'குமாஸ்தா அண்ணனுக்கு எல்லாம் தெரியும்' என்று உடனே பதில் வருமானால், அதில்தான் சிக்கல்.

மென்பொருள் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் உட்கார்ந்து அலமாரியில் உள்ள எல்லாக் கட்டுகளையும் தரையில் இறக்குங்கள். 'முந்நூறுக்கு மேல்' என்கிறீர்களே, யாரும் எண்ணிப் பார்க்காததால்தான் அது அப்படி இருக்கிறது. நான் எண்ணியபோது பதிவேட்டுக்கும் தரைக்கும் ஐம்பதுக்கு மேல் வித்தியாசம் வந்தது. தீர்ப்பாகி நகலும் வாங்கிக் கொடுத்த பிறகு தூக்கிப்போட மறந்த கட்டுகள் இருந்தன. சமரசமாகி, இரு தரப்பும் ஒரே கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட பின்னும் என் அலமாரியில் மட்டும் பகை தீராமல் கிடந்தவை சில. கட்சிக்காரர் இறந்து வாரிசுகளைச் சேர்க்காமல் விட்டவை இரண்டு. இந்த இரண்டைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இறந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடவில்லை என்றால் வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கோர மேலும் 60 நாட்கள். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி நீதிபதி முன் நிற்கவேண்டும். ஒன்றில் தப்பித்தோம். இன்னொன்றில் தாமத மனுப் போட்டோம்.

எண்ணி முடித்ததும் மூன்று அடுக்காக்குங்கள். இந்த மாதத்தில் நம் கையால் ஏதேனும் வேலை நடக்கவேண்டியவை, நீதிமன்றத்தில் வெறுமனே வாய்தா வாங்கிக்கொண்டு போகிறவை, முடிந்தவை. மூன்றாவது அடுக்கில் உள்ள அசல் ஆவணங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். நம் ஊரில் ஒரு தாய்ப் பத்திரம் எந்த வக்கீல் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று மூன்று தலைமுறையாகத் தேடுகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. இதைச் சொல்லாமல் முறைகளைப் பற்றி மட்டும் பேசினால் உபதேசமாகிவிடும்.

2010-இல் இடவப்பாதி மழைக்காலம். ஒரு நடைவழி வழக்கில் எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு. கட்சிக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மச்சி. பத்து சென்ட் வீட்டுமனைக்கு மூன்றடி அகல வழி. நம் மாவட்டத்தில் சண்டைகளில் பாதி இந்த மூன்றடிக்குள்தான் நடக்கிறது. முன்சீஃப் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள். தீர்ப்பு நகல் பெற ஆகும் காலம் கணக்கில் சேராது. குமாஸ்தா அன்றே நகல் மனுப் போட்டுவிட்டார். கெட்டிக்காரர், என் சீனியர் காலத்திலிருந்து இருப்பவர். நகலுக்குத் தாள், அதாவது நகல் எழுதுவதற்கான முத்திரைத்தாள், கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைத் தினமும் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. எந்த எண், எந்த மனு என்பதெல்லாம் அவருடைய சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் இருந்தது. அந்த வாரம் அவருக்கு மஞ்சள்காமாலை. நாகர்கோவில் மருத்துவமனையில் படுத்திருந்தார். சட்டையை வீட்டில் துவைத்துவிட்டார்கள், நோட்டோடு.

தாள் கட்டவில்லை என்று நகல் மனு தள்ளுபடியாகிவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது. 'நகல் வரவில்லை' என்று அம்மச்சியிடம் நான் நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கில் சேராமல் கழிவது நகலுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட காலம் மட்டும்தான். நாம் தாள் கட்டாமல் விட்ட நாட்களை எந்த நீதிமன்றமும் கழித்துத் தராது. கடைசியில் 47 நாள் தாமதத்துக்கு மனுப் போட்டு, மறுதரப்புக்குச் செலவுத்தொகை கட்டும்படி உத்தரவாகி, அதை என் பையிலிருந்து கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. 'பிள்ளைக்கு வேலை அதிகம், அதான் மறந்துபோச்சு' என்று அம்மச்சி எனக்காக அடுத்தவரிடம் சமாதானம் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் முகப்புத் தாள் என்ற ஒன்றைத் தொடங்கினேன்.

குமாஸ்தா மீது எனக்கு அன்றும் கோபம் இல்லை. ஒருவருடைய சட்டைப் பையை அலுவலகத்தின் ஆவணக் காப்பகமாக்கி வைத்தது நான்.

முகப்புத் தாள் என்பது ஒவ்வொரு கட்டின் மேலும் தைத்திருக்கும் ஒரே ஒரு பக்கம். வழக்கு எண், நீதிமன்றக் கணினியில் வழக்கை அடையாளம் காட்டும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண், கட்சிக்காரரின் வீட்டுப் பெயரும் தொலைபேசி எண்ணும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இவையெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான். அதற்குக் கீழே நான்கு கட்டங்கள். வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது. அடுத்து நாம் செய்யவேண்டியது என்ன. அதை யார் செய்வார். தவறினால் உயிர்போகும் தேதி எது. நான்காவது கட்டத்தைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். எதிருரை என்றால் அழைப்பாணை கிடைத்து 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. காசோலை வழக்கென்றால் பணமில்லை என்று வங்கி சொன்ன தகவல் கிடைத்து 30 நாட்களுக்குள் அறிவிப்பு, அது சேர்ந்த பிறகு எதிரிக்கு 15 நாள் அவகாசம், அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்க 30 நாள். உங்களுக்கு இவை மனப்பாடம், தெரியும். ஆனால் உங்கள் இரண்டாவது ஜூனியருக்கு எது மனப்பாடம், எது பாதி நினைவு என்று உங்களுக்குத் தெரியுமா?

அடுத்ததாக, வாய்தா டைரியில் ஒரு வழக்குக்கு ஒரு தேதி மட்டும் எழுதும் பழக்கத்தை விடுங்கள். விசாரணை நாளுக்குப் பத்து நாள் முந்தைய தேதியில் அதே வழக்கை 'வேலை நாள்' என்று இன்னொரு முறை எழுதுங்கள். சாட்சியின் நிரூபண வாக்குமூலம் 20-ஆம் தேதி தாக்கலாக வேண்டும் என்றால் 10-ஆம் தேதியே அது மேசைக்கு வரவேண்டும். 19-ஆம் தேதி இரவு சாட்சியை வரவழைத்து, தட்டச்சுக்காரரைப் பிடித்துவைத்து, பதினொரு மணிக்குக் கையெழுத்து வாங்கும் திருவிளையாடலை நான் பத்து வருடம் ஆடியிருக்கிறேன். நீங்கள் இரவு பத்து மணிக்கு வீடு போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வேலை அதிகம் என்று நினைக்கிறீர்கள். எல்லா வேலையும் முந்தின நாள் இரவில் வந்து குவிகிறது என்பதுதான் விஷயம்.

இதைத் தொடங்கிய முதல் இரண்டு மாதம் யாரும் ஒழுங்காக எழுதவில்லை, நான் உட்பட. அதனால் காலை ஒன்பதே காலுக்கு இருபது நிமிடம் நின்றுகொண்டே பேசும் வழக்கம் வந்தது. உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் அரசியல் வரும். அன்றைய வழக்குகள், யார் எந்த நீதிமன்றம், அன்றைய வேலை நாள் எவை, அவ்வளவே. மாலை ஐந்தரைக்குக் கட்டு திரும்பும்போது அடுத்த தேதியும் நடந்ததும் முகப்புத் தாளில் ஏறாமல் அலமாரிக்குள் போகக்கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நான் கண்டிப்பு. எழுதாத கட்டு என் மேசையில்தான் இருக்கும், அதை வைத்தவர் மறுநாள் காலை வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பலன் தெரிகிறது.

ஜூனியர்களுக்கு வேலையைப் பிரிப்பதில் நான் ஒரு முறை தடுமாறியிருக்கிறேன். ஒருவர் பிராது எழுதுவார், இன்னொருவர் நீதிமன்றம் போவார், மூன்றாமவர் நிறைவேற்று மனுக்களைப் பார்ப்பார் என்று கட்டம் கட்டமாகப் பிரித்தேன். தாளில் அழகாக இருந்தது. ஆனால் கட்சிக்காரருக்கு எங்கள் அலுவலகத்தில் 'என் வக்கீல்' என்று ஒரு முகம் இல்லாமல் போயிற்று. பிராது எழுதியவருக்குக் குறுக்கு விசாரணையில் அது எங்கே உடைந்தது என்று தெரியவில்லை, அடுத்த பிராதிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. இப்போது ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்று. பொறுப்பாளர் தொடக்கம் முதல் முடிவு வரை. மாற்று ஆள் மாதம் ஒரு முறையாவது அந்தக் கட்டைத் திறந்து படித்திருக்க வேண்டும். அவர் படித்தாரா என்று நான் சோதிப்பதில்லை. திடீரென்று ஒருநாள் பொறுப்பாளருக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வேலை வந்துவிடும், மாற்று ஆள் போய் நின்றாகவேண்டும், அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு ஜூனியர் வேண்டுமா என்றால், இருக்கிற இருவருக்கும் என்ன கொடுக்கிறீர்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து நம் பார் கவுன்சில், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதைப் படித்துச் சிரித்த சீனியர்களை எனக்குத் தெரியும். 'எங்களுக்கு யார் கொடுத்தார்கள்' என்பது அவர்கள் வாதம். யாரும் கொடுக்கவில்லைதான். அதனால்தான் நம்மோடு சேர்ந்தவர்களில் நல்ல மூளைக்காரர்கள் மூன்றாம் வருடம் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டார்கள். பேருந்துக் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்டும் ஒரு ஜூனியர் உங்கள் கட்டுக்குப் பொறுப்பாளராக இருக்க முடியாது. முழுத் தொகையும் உடனே முடியாவிட்டாலும் மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில் என்று உறுதியாகக் கொடுங்கள். அவர்கள் சொந்தமாக வழக்கு எடுத்துக்கொள்ளவும் அனுமதியுங்கள். வெளியே போய்த் தனியாகத் தொடங்கிவிடுவார்களே என்ற பயத்தில் பூட்டி வைத்தால், கற்றுக்கொள்ளாத இரண்டு பேரை வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் கிழடாவீர்கள்.

நம் எல்லைப்பகுதிக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். வருமானம் நின்றுவிட்டது என்கிறீர்களே, வழி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த இணைப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணியும் நம் தொழில்காரர்தான். எல்லைக்கோடு மாறியது, ஆனால் அதற்கு முந்தைய பத்திரங்கள் அப்படியே மலையாளத்தில் இருக்கின்றன. ஒற்றிப் பத்திரம், பாக உடன்படி, விற்பனை ஆதாரம் எல்லாமே பழைய எழுத்தில், மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில், சில நேரம் மலையாள இலக்கங்களில். உங்கள் வயதில் உள்ளவர்களில் அதைத் தடங்கலின்றிப் படிக்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வங்கிக் கடனுக்கு உரிமைமூலம் பார்த்துக் கருத்துரை தருவதிலும் பாகப்பிரிவினை வழக்கிலும் அந்தப் பத்திரங்கள் இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. படிக்கத் தெரிந்த அலுவலகத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

நாங்கள் செய்தது இது. பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் எங்களிடம் ஜூனியராகச் சேர்ந்தார், பள்ளியில் மலையாளம் படித்தவர். பழைய கையெழுத்துக்கு, ஓய்வுபெற்ற ஒரு கிராம அலுவலகப் பணியாளர் வாரம் இருமுறை வருகிறார். பத்திரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முதல் வருடம் அவர் படிக்க, அந்தப் பெண் எழுத, தட்டச்சு செய்த தமிழாக்கம் கட்டில் சேர்ந்தது. இரண்டாம் வருடம் அந்தப் பெண் படிக்க, அவர் திருத்தினார். வழியில் வந்த சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள்: தண்டப்பேர் என்றால் என்ன, எந்த வகை ஒற்றியில் அனுபவம் யாரிடம், பழைய சர்வே எண் எந்த மறுஅளவை எண்ணானது. இப்போது அந்த நோட்டுதான் எங்கள் அலுவலகத்தின் மிக விலையுயர்ந்த பொருள். கணினிகளையெல்லாம் திருடிக்கொண்டு போகட்டும், கவலையில்லை. நோட்டின் நகல் மூன்று இடத்தில் இருக்கிறது.

கொல்லம் ஆண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்ஙம், அதாவது நம் ஆவணி, தொடங்கி டிசம்பர் முடிய 824-ஐக் கூட்டவேண்டும். ஜனவரியிலிருந்து கர்க்கடகம், அதாவது நம் ஆடி, முடிய 825. ஒரு வழக்கில் 1107 விருச்சிகத்தில் (நம் கார்த்திகை) ஒரு பத்திரம், 1107 மேடத்தில் (நம் சித்திரை) இன்னொன்று. இரண்டுக்கும் 825-ஐக் கூட்டி இரண்டையும் 1932 என்று ஒரு ஜூனியர் எழுதிவிட்டார். முதலாவது 1931 கடைசியில் வந்தது, இரண்டாவதுதான் 1932. அந்த வழக்கில் எது முந்தியது என்பதே தகராறு. மாற்று ஆள் மேலோட்டமாகப் புரட்டியபோது கண்ணில் பட்டது, இல்லையென்றால் அப்படியே வாக்குமூலமாகப் போயிருக்கும். அளவும் அப்படித்தான். பத்து சென்ட் என்பது நான்கு ஆரும் சொச்சமும். கேரளத்து வரி ரசீதில் ஆர் என்று இருப்பதைச் சென்ட் என்று எழுதிய பிராது ஒன்றை எதிர்த்தரப்பில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நிலம் பாதிக்கும் கீழே சுருங்கிப்போயிருந்தது.

நெய்யாற்றின்கரையில் கிளை? வேண்டாம், இப்போது வேண்டாம். சட்டப்படி தடையில்லை. வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. எந்த மாநிலத்தில் பதிவு செய்தவரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் நிற்கலாம். ஆனால் நீதிமன்றக் கட்டணச் சட்டம் அங்கே வேறு, நல நிதி முத்திரை வேறு, விடுமுறைகள் வேறு, மன்ற மொழி வேறு. கிளை திறந்தால் வாடகை, இன்னொரு குமாஸ்தா, தினமும் நெடுஞ்சாலையில் இரண்டு முறை. அதற்குப் பதிலாக அங்கே நேர்மையான ஒரு வழக்கறிஞரைப் பிடியுங்கள். வக்காலத்தில் இருவரும் கையெழுத்திட்டு, கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏற்பாடு பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. அங்கே கணக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு நம் மார்த்தாண்டத்துக்காரர் கொடுத்த காசோலை திரும்பினால் வழக்கு அங்கேதான் நடக்கும். காசோலைச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு பணம் பெறுகிறவரின் கணக்கு உள்ள வங்கிக் கிளையைக் கொண்டுதான் இடம் முடிவாகிறது. அதை அவர் பார்க்கிறார். அவருடைய கட்சிக்காரர்களுக்கு இந்தப் பக்கம் உள்ள நிலத் தகராறுகள் எங்களிடம் வருகின்றன.

ஆனால் ஒன்று. கட்டணத்தைப் பகிர்வது வழக்கறிஞர்களுக்குள் மட்டும்தான். வழக்கறிஞர் அல்லாதவரோடு வருமானத்தைப் பங்குபோடும் எந்த ஏற்பாட்டையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. பத்திர எழுத்தருக்குப் பங்கு, விபத்து நடந்த இடத்திலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வருகிற தரகருக்குப் பங்கு, குமாஸ்தாவுக்கு வழக்குக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, அதில் கை வைக்காதீர்கள். குமாஸ்தாவுக்கு நல்ல சம்பளம் கொடுங்கள், போனஸ் கொடுங்கள், பங்கு வேண்டாம். வெற்றி கிடைத்தால் இவ்வளவு என்று கட்சிக்காரரிடம் பேசுவதும் விதிமீறல்தான். விளம்பரத்துக்கும் தடை உண்டு. இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு விவரம், தகுதி, எந்தத் துறை என்பது வரை போடலாம். அதற்கு மேல் போய் 'குமரியின் முன்னணி சொத்து வழக்கறிஞர்' என்றெல்லாம் பலகை வைக்காதீர்கள். சிரிப்பார்கள் என்பது தனி.

வீட்டுப் பெயரை ஏன் முகப்புத் தாளில் எழுதச் சொன்னேன் என்றால், நம் ஊரில் ஒரே பெயரில் ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும், எதிர்த்தரப்பு என்று அவர் சொல்லும் பெயரை வீட்டுப் பெயரோடு அகர வரிசைப் பட்டியலில் தேடவேண்டும். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொல்லிவிட்டோ மனு எழுதிக் கொடுத்துவிட்டோ எதிர்த்தரப்புக்கு நிற்கக்கூடாது என்பது விதி. நம் சொந்தபந்தச் சிக்கலில் இதை நினைவை மட்டும் நம்பி நடத்த முடியாது. ஆறு வருடத்துக்கு முன் பத்து நிமிடம் ஆலோசனை கேட்டுப் போனவருக்கு நம்மை நன்றாக நினைவிருக்கும், நமக்கு அவரை நினைவிருக்காது. ஆகவே வழக்கு எடுக்காமல் ஆலோசனையோடு போனவர்களையும் பட்டியலில் சேருங்கள்.

கட்சிக்காரர்களின் தொலைபேசி உங்கள் நாளில் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: 'சாரே, கேஸ் என்ன ஆச்சு?' இ-கோர்ட்ஸ் செயலியில் அவர்களுடைய பிள்ளைகளே வழக்கு எண்ணைப் போட்டு அடுத்த தேதியைப் பார்த்துவிடுகிறார்கள். சில சமயம் நமக்கு முன்பே. அதனால் வாய்தா முடிந்த அன்று மாலையே பொறுப்பாளர் இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்: இன்று இது நடந்தது, அடுத்த தேதி இது, உங்களிடமிருந்து இது வேண்டும். வாட்ஸ்அப் இல்லாத அம்மச்சிகளுக்கும் அப்பச்சன்களுக்கும் குமாஸ்தா போன் செய்வார். இதைத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் அழைப்புகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. ஒன்றும் நடக்காத நாளிலும் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அனுப்பவேண்டும். அதுதான் கடினம், கை வராது. ஒரு கண்டிப்பும் வேண்டும்: வழக்கைப் பற்றிய பேச்சு எதுவும் வேறு குழுக்களில் போகக்கூடாது. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதைக் காக்கும் கடமை புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆவது பிரிவில் வழக்கறிஞருக்கு மட்டும் சொல்லப்படவில்லை, மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் அலுவலகப் பணியாளருக்கும் சேர்த்துத்தான். பழைய கையெழுத்து படிக்க வருகிறவரிடமும் இதை உட்கார வைத்துச் சொன்னேன். 'நாற்பது வருடம் கிராம அலுவலகத்தில் ரகசியம் காத்தவனிடம் சொல்கிறீர்களா' என்று கோபித்துக்கொண்டார்.

கட்டணத்தை நான்கு தவணையாக்குங்கள்: தாக்கலுக்கு, எதிருரைக்குப் பின், சாட்சி தொடங்கும்போது, வாதத்துக்கு. வக்காலத்து வாங்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு என்று கட்சிக்காரர் தரும் பணம் நம் பணம் அல்ல, அதற்குத் தனிக் கணக்கு வைப்பது விதிப்படியே கட்டாயம். நம்மில் பலருக்கு வருமானம் நிற்பதாகத் தோன்றுவது வசூல் நிற்பதால். என் அலமாரிக் கணக்கெடுப்பில் சாட்சிக் கட்டத்தைத் தாண்டியும் முதல் தவணையோடு நின்ற கட்டுகள் முப்பதுக்கு மேல் இருந்தன. கேட்கக் கூச்சம். இப்போது முகப்புத் தாளின் பின்பக்கத்தில் தவணைகள் இருப்பதால் குமாஸ்தாவே நினைவூட்டுகிறார். கூச்சம் அவருக்கு இல்லை.

ஆவணங்களை ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி அடித்தபோது எங்கள் அலுவலக ஓடுகள் பறந்து, கீழ் அடுக்குக் கட்டுகள் நனைந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்திரங்களைக் கயிற்றில் துணிபோல் காயப்போட்டோம். இப்போது அசல் கைக்கு வந்த அன்றே போனில் ஸ்கேன் ஆகிறது. கோப்புக்குப் பெயர் வைக்க ஒரே முறை: ஆண்டு, வழக்கு எண், ஆவண வரிசை எண். 'புதியது', 'கடைசி', 'கடைசி திருத்தியது' என்று பெயர் வைத்தால் அபராதம், எல்லோருக்கும் பழம்பொரி.

மாதிரி வரைவுகளும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் விளக்க அதிகம் இல்லை. புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களுக்கும் பிந்தையவற்றுக்கும் பிரிவு எண்கள் வேறு என்பதால் இரண்டு தொகுப்பு வேண்டும், அவ்வளவே.

மென்பொருள்? முகப்புத் தாள் ஆறு மாதம் ஒழுங்காக நிரம்பிய பிறகு ஓர் எக்செல் தாளில் அதை ஏற்றுங்கள். அதுவே போதும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கையால் எழுதாத அலுவலகம் கணினியிலும் எழுதாது. நான் ஒருமுறை சந்தா கட்டி வாங்கிய மென்பொருளை இரண்டு வருடத்தில் மொத்தம் பதினெட்டு வழக்குகளுக்குத்தான் பயன்படுத்தியிருந்தோம்.

கூட்டாளி விஷயம் கடைசியில் வந்தாலும் சின்ன விஷயமில்லை. வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர வேண்டாம். உங்கள் முகப்புத் தாள்களைப் படித்து, எழுதி, திருத்தி வளர்ந்த ஒரு ஜூனியரைப் பத்து வருடம் கழித்துக் கூட்டாளியாக்குங்கள். அப்படித்தான் அந்தப் பாறசாலைப் பெண் இப்போது என் கூட்டாளி. ஒப்பந்தம் எழுத மூன்று மாதம் ஆயிற்று. பழைய வழக்குகளின் கட்டணம் யாருக்கு, ஒருவர் விலகினால் கட்டுகள் யாரிடம், கட்சிக்காரரின் விருப்பம் எப்படிக் கேட்கப்படும், ஒருவர் நோயில் விழுந்தால் மற்றவர் எத்தனை மாதம் பங்கு கொடுப்பார், அந்த மொழிபெயர்ப்பு நோட்டு யாருடையது, எல்லாவற்றையும் எழுதினோம். நோட்டு அவருடையது என்று எழுதச் சொன்னது நான்தான். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்பது கடைசி வரை இழுத்தது. அகர வரிசை என்று பொதுவாக முடிவு செய்து, வெற்றி எனக்குத்தான் என்று நினைத்துக் கையெழுத்திட்டேன். அவர் பெயர் மேலே இருக்கிறது. இனிஷியலையும் சேர்த்து வரிசைப்படுத்தவேண்டும் என்று ஐந்தாவது பத்தியில் எழுதியிருந்தாராம்.